இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்? - வாசகர் கேள்வி பதில்

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எப்போது முடியும் என்று கணிப்பதும், அதைத் திரையில் காட்டுவதும் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: 20,000 படங்களைச் சிறிதாக்கும் புரோகிராம் ஒன்று எழுதியிருக்கிறேன். மீதி நேரத்தைக் காட்ட எளிய வழி என்ன?

பதில்: மூன்று எண்கள் போதும்: மொத்தம், முடிந்தது, கடந்த நேரம். கடந்த நேரத்தை முடிந்த எண்ணிக்கையால் வகுத்து, மீதி எண்ணிக்கையால் பெருக்குங்கள். 10 நிமிடத்தில் 5,000 படங்கள் முடிந்திருந்தால் ஒரு படத்துக்கு 0.12 விநாடி. மீதி 15,000 படங்களுக்கு 1,800 விநாடி, அதாவது 30 நிமிடம்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் சிக்கல் வரும் இடங்கள் மூன்று உண்டு. முதல் படம் முடிவதற்கு முன் கணக்குப் போட்டால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அதுவரை ‘கணக்கிடுகிறது’ என்று மட்டும் காட்டுங்கள். முதல் ஐந்து விநாடிக்கு எண்ணே காட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, கடிகாரம். சுவர்க் கடிகார நேரத்தைப் படிக்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். இணையத்தோடு நேரம் சரிசெய்யப்படும்போது அது முன்னும் பின்னும் நகரும். கடந்த நேரம் மைனஸில்கூட வரலாம். பைத்தானில் டைம் மாட்யூலின் மோனோடானிக், ஜாவாவில் நானோடைம் போன்ற, பின்னோக்கிப் போகாத கடிகாரம்தான் இதற்குச் சரி. லினக்ஸின் மோனோடானிக் கடிகாரம் கணினி தூங்கும் நேரத்தை எண்ணாது. புரோகிராமும் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்பதால் நமக்கு அது வசதியே.

மூன்றாவதில்தான் பலர் விழுகிறார்கள். பாதியில் நின்ற வேலையை மறுபடி தொடங்கும்போது, முன்பே முடிந்த படங்களைப் புரோகிராம் தாண்டிப் போகும். 12,000 படங்களைத் தாண்ட 2 விநாடிதான் ஆகும். அவற்றையும் ‘முடிந்தது’ என்று வேகக் கணக்கில் சேர்த்தால், மீதி 8,000 படங்களுக்கு ஒன்றேகால் விநாடி சொச்சம் என்று காட்டும். உண்மையில் ஆகப்போவது 16 நிமிடம். சதவீதம் காட்டத் தாண்டியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேகம் கணக்கிட இந்த ஓட்டத்தில் நிஜமாகச் செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னேற்றப் பட்டை காட்டும் பைத்தானின் டிக்யூடிஎம் லைப்ரரியில் ‘இனிஷியல்’ என்ற ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது.

கேள்வி: ஃபைல்களைக் காப்பி செய்யும் என் டூல் 5 நிமிடம் என்கிறது, பிறகு 40 நிமிடம் என்கிறது, உடனே 12 நிமிடம் என்கிறது. சராசரி எடுத்துப் பார்த்தும் சரியாகவில்லை. ஏன்?

பதில்: சராசரிக்குப் போகுமுன் எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். எண்ணும் அலகு நேரத்தோடு சேர்ந்து நகர வேண்டும். அது நகராவிட்டால் எந்தச் சராசரியும் காப்பாற்றாது.

ஒரு கணக்கு போடுவோம். ஃபோல்டரில் 4 கிலோபைட் ஃபைல்கள் 10,000, கூடவே 20 ஜிபி ஃபைல் ஒன்று. எந்த ஃபைலாக இருந்தாலும் திறந்து, உருவாக்கி, மூட 5 மில்லிவிநாடி. டிஸ்க் வேகம் விநாடிக்கு 200 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஃபைல்கள் முடிய சுமார் 50 விநாடி, பெரிய ஃபைலுக்கு 100 விநாடி. ஃபைல் எண்ணிக்கையை வைத்துக் கணித்தால் 50ஆவது விநாடியில் 99.99 சதவீதம் முடிந்ததாகக் காட்டி, அங்கேயே 100 விநாடி நிற்கும். பைட் அளவை வைத்துக் கணித்தால் அதே 50ஆவது விநாடியில் முடிந்தது வெறும் 0.2 சதவீதம், மீதி ஏறக்குறைய 7 மணி நேரம் என்று காட்டும். இரண்டுமே பொய்.

நேரம் உண்மையில் இரண்டு இடத்தில் செலவாகிறது: ஃபைலுக்கு இவ்வளவு, பைட்டுக்கு இவ்வளவு. 5 மில்லிவிநாடியில் டிஸ்க் 1 எம்பி எழுதும். ஆகவே ஒவ்வொரு ஃபைலின் அளவோடும் 1 எம்பியைக் கூட்டி எண்ணுங்கள். அப்போது மொத்தம் சுமார் 30,040 எம்பி. சின்ன ஃபைல்களின் பங்கு 10,040, அதாவது 33.4 சதவீதம். நேரத்திலும் 150 விநாடியில் 50 விநாடி, அதே மூன்றில் ஒரு பங்கு. எண்ணும் தாவாது.

அந்த 5 மில்லிவிநாடியும் 200 எம்பியும் உங்கள் கணினியில் எவ்வளவு என்று அறிய இரண்டு சோதனை ஓட்டம் போதும்: ஆயிரம் குட்டி ஃபைல்களைக் காப்பி செய்து ஒரு நேரம், ஒரே பெரிய ஃபைலைக் காப்பி செய்து ஒரு நேரம். துல்லியம் முக்கியமில்லை, இரண்டு மடங்கு தவறாக இருந்தாலும் பழைய கணிப்பைவிட எவ்வளவோ தேவலை.

அலகைச் சரிசெய்த பிறகும் நெட்வொர்க் போன்ற காரணங்களால் வேகம் ஏறி இறங்கினால், அப்போது சராசரிக்கு வாருங்கள். பழைய மதிப்பில் 70 சதவீதம், புதிய அளவீட்டில் 30 சதவீதம் என்று கலப்பது வழக்கமான முறை. டிக்யூடிஎம்மில் இயல்பாக இருப்பதும் இந்த 0.3தான். அதை 0 ஆக்கினால் தொடக்கத்திலிருந்து மொத்தச் சராசரி. 1 ஆக்கினால் கடைசி அளவீடு மட்டும். அளவீடுகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வருகிறதென்றால் நிலையான 0.3 வேண்டாம். கடைசி அளவீட்டுக்குப் பின் போன நேரத்தை 30 விநாடி போன்ற ஒரு நிலையான காலத்தால் வகுத்து, இயல் மடக்கையின் அடிமானமான 2.718ஐ அந்த எண்ணின் மைனஸ் அடுக்குக்கு உயர்த்தி, 1இலிருந்து கழியுங்கள். 3 விநாடி இடைவெளிக்குப் புதியதன் எடை 0.095, 30 விநாடி இடைவெளிக்கு 0.63 என்று வரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் வேகத்தை அளந்து, அந்த வேகங்களைச் சராசரி எடுத்தால் கணிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும். பாதி வேலைகள் 1 விநாடி, பாதி 9 விநாடி எடுத்தால் வேகங்களின் சராசரி 0.556, அதாவது வேலைக்கு 1.8 விநாடி. உண்மைச் சராசரி 5 விநாடி. எண்ணிக்கையைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் சராசரி எடுத்துக் கடைசியில் வகுங்கள்.

வேலைகளின் வரிசை உங்கள் கையில் இருந்தால் இன்னொரு உபாயம்: வரிசையைக் கலைத்துவிடுங்கள். சின்னது, பெரியது எல்லாம் கலந்து வந்தால் வெறும் மொத்தச் சராசரியே சில நிமிடங்களில் நல்ல கணிப்பைத் தந்துவிடும்.

கேள்வி: 10,000 பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் இரட்டை லூப். வெளி லூப்பில் டிக்யூடிஎம் போட்டேன். தொடக்கத்தில் ‘2 மணி நேரம்’ என்றது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிழையா?

பதில்: பிழை இல்லை, எண்ணியது தவறு. உள் லூப் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. முதல் சுற்றில் 9,999 ஒப்பீடு, கடைசிக்கு முந்தைய சுற்றில் ஒன்றே ஒன்று. மொத்தம் 4,99,95,000 ஒப்பீடுகள். 1,000 சுற்று, அதாவது வெளி லூப்பில் 10 சதவீதம் முடியும்போது 94,99,500 ஒப்பீடு, அதாவது 19 சதவீதம் முடிந்திருக்கும். பாதிச் சுற்றில் முக்கால் வேலை முடிந்துவிடும். அதனால்தான் தொடக்கக் கணிப்பு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. உள் லூப் வளர்ந்துகொண்டே போகும் வகையாக இருந்தால் நிலைமை தலைகீழ்: பாதிச் சுற்றில் கால்வாசி வேலைதான் ஆகியிருக்கும், கணிப்பு நம்மை ஏமாற்றும்.

மொத்தத்தை ஒப்பீடுகளாகக் கொடுங்கள். ஒவ்வொரு வெளிச் சுற்றின் முடிவிலும் அந்தச் சுற்றில் எத்தனை ஒப்பீடு நடந்ததோ அத்தனையைக் கூட்டுங்கள். உள் லூப்புக்குள் கவுன்ட்டரைப் புதுப்பிக்க வேண்டாம். ஐந்து கோடி முறை ஃபங்ஷனை அழைத்தால் பட்டைக்கே நேரம் போய்விடும்.

கேள்வி: பென் டிரைவில் எழுதும்போது 99 சதவீதம் வரை பறந்துவிட்டு, பிறகு நிமிடக்கணக்கில் நிற்கிறது. கடைசி 1 சதவீதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அந்த 99 சதவீதமும் பென் டிரைவுக்குப் போகவே இல்லை, மெமரிக்குத்தான் போயிருக்கிறது. எழுதச் சொன்னதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரவை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். நிஜமாக எழுதுவது பின்னணியில் நடக்கும். லினக்ஸில் இயல்பு நிலையில், பயன்படுத்தத்தக்க மெமரியில் 20 சதவீதம் வரை இப்படித் தேங்கலாம். 16 ஜிபி கணினியில் அது 3 ஜிபி அளவு. விநாடிக்கு 15 எம்பி எழுதும் பென் டிரைவில் 3 ஜிபி இறங்க 200 விநாடி. எல்லாம் நிஜமாக எழுதி முடியட்டும் என்று உங்கள் புரோகிராம் காத்திருக்கும்போதோ, டிரைவைக் கழற்றச் சொல்லும்போதோ அந்த 200 விநாடியும் ஒட்டுமொத்தமாக வெளியே தெரிகிறது.

நீங்களே எழுதும் டூலாக இருந்தால், ஒவ்வொரு 64 எம்பிக்கும் ஒருமுறை, தேங்கியதை டிரைவில் எழுதி முடித்த பிறகே திரும்பும் எஃப்சிங்க் ஃபங்ஷனை அழைத்து, அது திரும்பிய பிறகுதான் அந்த 64 எம்பியை ‘முடிந்தது’ என்று எண்ணுங்கள். பட்டை மெதுவாக நகரும், ஆனால் உண்மை பேசும். 4 கிலோபைட்டுக்கு ஒருமுறை அழைத்தால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

எஸ்எஸ்டியிலும் இதன் உறவுக்காரப் பிரச்சினை ஒன்று உண்டு. பல டிரைவ்களில் ஒரு பகுதி வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுகிறது. பெரிய காப்பியில் அது நிரம்பியதும் வேகம் சட்டென்று சரியும். அதுவரை பார்த்த வேகத்தை வைத்து அந்தச் சரிவை முன்கூட்டிச் சொல்ல எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. இங்கே சமீபத்திய வேகத்துக்கு எடை கொடுக்கும் சராசரிதான் உதவும்.

எழுதுவது மட்டுமல்ல, கடைசியில் இண்டெக்ஸ் கட்டுவது, சரிபார்ப்பது, தற்காலிக ஃபைல்களை அழிப்பது போன்றவற்றைப் பட்டையில் சேர்க்காமல் விட்டாலும் இதே 99 வியாதி வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எடை கொடுங்கள்: படிக்க 10, கணக்கிட 75, எழுத 15 என்பதுபோல. எடைகளை ஊகிக்காதீர்கள். ஓட்டம் முடிந்ததும் கட்டவாரியான நேரத்தை ஒரு சிறு ஃபைலில் சேமித்து, அடுத்த ஓட்டத்தில் அதையே எடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு மணி நேரமாக ஒரு புரோகிராம் ஓடுகிறது. அதில் எந்தப் பட்டையும் வைக்கவில்லை. நிறுத்தாமல் எவ்வளவு முடிந்தது என்று பார்க்க முடியுமா?

பதில்: லினக்ஸாக இருந்து, அது பெரிய ஃபைல் ஒன்றை வரிசையாகப் படிக்கிறது என்றால் பெரும்பாலும் முடியும். ப்ராக் (/proc) ஃபோல்டருக்குள் உங்கள் பிராசஸ் எண்ணின் (ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் எண்) பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதனுள் எஃப்டி என்ற ஃபோல்டரில், திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் இருக்கும். உங்கள் உள்ளீட்டு ஃபைலுக்கு எந்த எண் என்று பாருங்கள், 3 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே எஃப்டி-இன்ஃபோ என்ற ஃபோல்டரில் 3 என்ற ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் ‘பாஸ்’ என்று ஒரு எண் இருக்கும். எத்தனையாவது பைட் வரை படித்திருக்கிறது என்பது அதுதான்.

ஒருமுறை குறித்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 84 ஜிபி ஃபைலில் முதலில் 31.2, பிறகு 31.8 என்றால், பத்து நிமிடத்துக்கு 0.6 ஜிபி. மீதி 52.2 ஜிபிக்கு 870 நிமிடம், பதினாலரை மணி நேரம். பிவி (pv) என்ற டூலுக்கு டி (-d) ஆப்ஷனோடு பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் இதையே பட்டையாகக் காட்டும்.

எண் அசையவே இல்லை என்றால் புரோகிராம் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஃபைலை மெமரியில் மேப் செய்து படிக்கும் புரோகிராம்களுக்கு இந்த எண் நகராது. முழு ஃபைலையும் முதலிலேயே படித்து முடித்திருந்தால் எண் கடைசியிலேயே நிற்கும். அப்போது வெளியீட்டு ஃபைல் வளர்கிறதா என்று பாருங்கள். பைத்தான் புரோகிராம் என்றால் பை-ஸ்பை டூலின் ‘டம்ப்’ கட்டளை, எந்த ஃபங்ஷனின் எந்த வரியில் நிற்கிறது என்று நிறுத்தாமலே காட்டும். ‘லோக்கல்ஸ்’ ஆப்ஷனும் சேர்த்தால் லூப் கவுன்ட்டரின் மதிப்பே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. லினக்ஸில் தரவைக் காப்பி செய்யும் டிடி (dd) கட்டளைக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் அதுவரை எழுதிய அளவைச் சொல்லும். இதைக் கேள்விப்பட்டு வேறு புரோகிராமுக்கும் அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சிக்னலைக் கையாளக் கோட் எழுதாத புரோகிராம் அதை வாங்கியதும் செத்துவிடும். ஆறு மணி நேர வேலை போயே போய்விடும். மேக்கில் டெர்மினலில் கன்ட்ரோலும் டியும் (T) அழுத்துவது ஆபத்தில்லாதது: அதற்குரிய சிக்னலைப் புறக்கணிப்பதுதான் இயல்பு நிலை.

கேள்வி: டெர்மினலில் அழகாக ஒரே வரியில் ஓடும் பட்டை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டதும் லாக் ஃபைலை நிரப்பிவிடுகிறது. டெர்மினலிலும் சில சமயம் ‘நிமிடம்ம்’ என்று வால் தொங்குகிறது.

பதில்: ஒரே வரியில் ஓடுவது கேரேஜ் ரிட்டர்ன் என்ற குறியால். அது கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும், பழைய எழுத்துகளை அழிக்காது. புதிய வரி பழையதைவிடச் சிறியதாக இருந்தால் மிச்சம் வாலாகத் தொங்கும். வரியின் இறுதிவரை அழிக்கும் எஸ்கேப் குறியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது கடைசியில் வெற்றிடம் நிரப்புங்கள். எழுதியபின் ஃப்ளஷ் செய்யாவிட்டால் (தேங்கியதை உடனே வெளியே தள்ளாவிட்டால்) ஒன்றும் தெரியாமல் இருந்து, திடீரென்று மொத்தமாக வரும்.

லாக் ஃபைலுக்குக் கேரேஜ் ரிட்டர்னின் அர்த்தம் தெரியாது, எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளும். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று இஸ்-ஏ-டிடிஒய் ஃபங்ஷனால் சோதியுங்கள். ஆமென்றால் பட்டை. இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முழு வரி: நேரம், முடிந்தது, மொத்தம், மீதி. பட்டையை எப்போதும் பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடான ஸ்டாண்டர்ட் எரரில் எழுதுங்கள். புரோகிராமின் உண்மையான வெளியீட்டைப் பைப்பில் வேறு புரோகிராமுக்கு அனுப்புபவர் உங்களை வாழ்த்துவார்.

விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் புதுப்பிக்க வேண்டியதில்லை. டிக்யூடிஎம்மின் இயல்பான குறைந்தபட்ச இடைவெளியும் 0.1 விநாடிதான்.

கேள்வி: ஒரே நேரத்தில் ஓடும் எட்டு த்ரெட்டில் 100 வேலைகள், ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். மீதி நேரம் ஏறுகிறது, திடீரென்று பாதியாகிறது, மறுபடி ஏறுகிறது. ஏன்?

பதில்: எட்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிவதால். 19ஆவது நிமிடத்தில் முடிந்தவை 8தான். சூத்திரம் 218 நிமிடம் மீதி என்கிறது. அடுத்த நிமிடத்தில் முடிந்தவை 16; இப்போது 105 என்கிறது. கடைசியாக எப்போது ஒரு வேலை முடிந்ததோ அந்த நேரம் வரை மட்டும் ‘கடந்த நேரம்’ என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கணித்து, அதன்பின் போன நேரத்தை மீதியிலிருந்து கழித்தால் இந்த ஊஞ்சல் நிற்கும். வேலைக்குள்ளே நடப்பது தெரியுமென்றால், நடந்துகொண்டிருக்கும் எட்டின் பின்னங்களையும் கூட்டுவது இன்னும் சிறப்பு.

தொடக்கத்தில் முடிந்த வேலைகளை வைத்து எடுக்கும் சராசரி எப்போதும் குறைவாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். முதலில் முடிபவை குறுகிய வேலைகள்தாமே. நீண்டவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

வாலும் ஒரு தொல்லை. 100ஐ 8ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆனால் சுற்று பதின்மூன்று, ஆகவே 125 அல்ல, 130 நிமிடம். 90 நிமிட வேலை ஒன்று வரிசையின் கடைசியில் மாட்டிக்கொண்டால் ஏழு த்ரெட்டுகள் சும்மா உட்கார்ந்திருக்க, அந்த ஒன்றுக்காகவே எல்லாம் காத்திருக்கும். பெரிய வேலைகளை முதலில் விடுங்கள். கணிப்பும் சரியாகும், மொத்த நேரமும் குறையும்.

கேள்வி: ஜிபியூவில் மாடல் பயிற்சி. ஒரு ஸ்டெப்புக்கு 2 மில்லிவிநாடி என்று காட்டுகிறது. நம்ப முடியவில்லை.

பதில்: நம்பாதீர்கள். மாடல் பயிற்சிக்கான பைடார்ச் லைப்ரரியில் சிபியூ வேலையை ஜிபியூவின் வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். நீங்கள் அளந்தது வரிசையில் போட்ட நேரம். மாடலின் பிழை அளவான லாஸ் மதிப்பை அச்சிடும் வரியில் புரோகிராம் நிற்பதுபோலத் தெரியும்; உண்மையில் அங்கேதான் அது ஜிபியூவுக்காகக் காத்திருக்கிறது. 50 ஸ்டெப்புக்கு ஒருமுறை, ஜிபியூ முடிக்கும்வரை காத்திருக்கும் கூடாவின் சிங்க்ரனைஸ் ஃபங்ஷனை அழைத்து, இரண்டு அழைப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 50ஆல் வகுங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அழைத்தால் பயிற்சியே மெதுவாகும். முதல் இருபது ஸ்டெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கம்பைல் செய்வது, மெமரி ஒதுக்குவது எல்லாம் அங்கே நடக்கும். சரிபார்ப்பு ஸ்டெப்பின் வேகம் வேறு என்பதால் அதற்குத் தனிச் சராசரி வையுங்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு என்றே தெரியாதபோது? ஜிசிப் முறையில் சுருக்கிய ஃபைலில் எத்தனை வரி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பதில்: வரியை எண்ண வேண்டாம். அடியில் இருக்கும் சுருக்கப்பட்ட ஃபைலில் எத்தனையாவது பைட்டில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் மொத்த அளவு டைரக்டரியிலேயே இருக்கிறது. ஃபைல் முழுக்க ஒரே மாதிரித் தரவு என்றால் இந்த விகிதம் வேலையின் விகிதத்தோடு நன்றாகவே ஒத்துப்போகும்.

ஜிசிப் ஃபைலின் கடைசி 4 பைட்டில் விரித்த அளவு இருக்கிறதே என்று சிலர் அதை எடுப்பார்கள். 4 பைட்டில் 4 ஜிபி வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் சுற்றி மறுபடி பூஜ்யத்திலிருந்து வரும். 9 ஜிபி தரவை 1 ஜிபி என்று காட்டும். பல ஜிசிப் ஃபைல்களை ஒட்டியிருந்தால் கடைசித் துண்டின் அளவு மட்டுமே கிடைக்கும்.

கேள்வி: ஓட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: சின்ன அளவில் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் உள்ளீட்டை இரட்டிப்பாக்கி. 1,000க்கு 2 விநாடி, 2,000க்கு 8, 4,000க்கு 32 என்றால் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் நான்கு மடங்கு. 64,000க்கு இன்னும் நான்கு இரட்டிப்பு. 32ஐ 256ஆல் பெருக்க 8,192 விநாடி, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். மெமரியையும் சேர்த்துப் பாருங்கள். 64,000க்கு 64,000 அணியில் எண்ணுக்கு 8 பைட் என்றால் கிட்டத்தட்ட 33 ஜிபி வேண்டும். 16 ஜிபி கணினி, மெமரிக்குப் பதில் டிஸ்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போய்விடும். அதன்பின் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

கேள்வி: பிழை ஒரு எல்லைக்குக் கீழே வரும்வரை சுற்றும் சால்வர், எல்லா வழியையும் தேடிப் பார்க்கும் பேக்ட்ராக்கிங் - இவற்றுக்கெல்லாம் சதவீதம் சொல்லவே முடியாது என்கிறார் நண்பர்.

பதில்: பாதி சரி. சால்வருக்குச் சொல்லலாம், மடக்கையில் பார்த்தால். 200ஆவது சுற்றில் பிழை 10⁻², 400இல் 10⁻⁴, எல்லை 10⁻⁸ என்றால், 200 சுற்றுக்கு இரண்டு படி இறங்கியிருக்கிறது. இன்னும் நான்கு படி, அதாவது 400 சுற்று. பிழையை நேரடியாக எடுத்துச் சதவீதம் போட்டால் 200ஆவது சுற்றிலேயே 99 சதவீதம் முடிந்ததாகத் தெரியும்! இறங்கும் வீதம் மாறக்கூடியது என்பதால் கடைசி ஐம்பது, நூறு சுற்றுகளின் சரிவை மட்டும் எடுங்கள்.

பேக்ட்ராக்கிங்குக்குக் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1975இல் ஒரு வழி சொன்னார். தேடல் மரத்தின் உச்சியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளையைத் தேர்ந்து கீழே இறங்குங்கள். வழியில் ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை கிளை என்று குறித்துக்கொள்ளுங்கள். 4, 3, 2 என்று இருந்து பிறகு முட்டுச்சந்து என்றால், அந்த இறக்கம் தரும் மதிப்பீடு 1 கூட்டல் 4 கூட்டல் 12 கூட்டல் 24, ஆக 41 கணுக்கள் (மரத்தில் தேடல் போய்ப் பார்க்கும் இடங்கள்). இப்படி ஆயிரக்கணக்கான இறக்கங்களின் சராசரி மரத்தின் மொத்த அளவை நோக்கிப் போகும். விநாடிக்கு எத்தனை கணு பார்க்கிறது என்பதை அளந்தால் நேரம் வந்துவிடும். ஒருபக்கம் மட்டும் ஆழமாகப் போகும் மரங்களில் சராசரி பயங்கரமாக ஆடும். சில நிமிட வேலையா, சில வருட வேலையா என்று தெரிந்துகொள்ளவே இதை நம்பலாம். முதல் விடை கிடைத்ததும் நின்றுவிடும் தேடலுக்கு இதுவும் உச்சவரம்பு மட்டுமே. அந்த வகைக்குச் சதவீதம் காட்டாமல், இதுவரை பார்த்த கணுக்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: ‘3 மணி 17 நிமிடம் 42 விநாடி’ என்று காட்டலாமா?

பதில்: அந்த 42 விநாடி யாருக்கும் தெரியாத விஷயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பத்து நிமிடமாக முழுமைப்படுத்துங்கள். அதற்குக் கீழே நிமிடம். கடைசியில் ‘ஒரு நிமிடத்துக்கும் குறைவு’. பல மணி நேர ஓட்டத்துக்கு ‘நாளை காலை 6 மணி வாக்கில் முடியும்’ என்று சொல்வதுதான் பார்ப்பவருக்கு உபயோகம். புதிய கணிப்பு பழையதிலிருந்து 10 சதவீதத்துக்குமேல் விலகினால் மட்டும் எண்ணை மாற்றுங்கள், மற்றபடி அது தானாகக் குறைந்து வரட்டும்.

ஆனால் தானாகக் குறைய விடும்போது ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். ஒரு வேலை முடியும்போது மட்டும் வேகத்தைப் புதுப்பித்தால், நெட்வொர்க் அறுந்து எல்லாம் நின்றபிறகும் திரையில் எண் ஜோராகக் குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொடும். கடைசி வேலை முடிந்து, சராசரி வேலை நேரத்தைப்போல ஐந்து மடங்கு ஆகியும் அடுத்தது முடியவில்லை என்றால், மீதி நேரத்தை எடுத்துவிட்டு ‘4 நிமிடமாக அசைவில்லை’ என்று காட்டுங்கள். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் இது வேலை செய்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.